போரேட் குருணை விலக்கப்பட்டபின் உருளைக்கிழங்குப் பயிர்ப் பாதுகாப்பு

உருளைக்கிழங்கு பயிராகும் மாவட்டங்களில் களப்பணியாளரை நோக்கி விவசாயிகள் கேட்கும் கேள்விகளுள், "போரேட் இல்லை என்றாகிவிட்டது, அதற்குப் பதில் எதைப் போடுவது?" என்பது ஒன்று. கேள்வி நியாயமானதே. நடவுச் சாலில் ஒரு முறையும், மண் அணைக்கும்போது ஒரு முறையும் குருணையைத் தூவிவிட்டுப் பயிரைப் பற்றிய கவலையை ஒருவாறு மறந்திருந்தவர்கள் அவர்கள். ஆயினும் கேள்வியை அப்படியே ஏற்றுக்கொண்டு, கடையில் கிடைக்கும் வேறொரு மருந்தின் பெயரைச் சொல்லி அனுப்பிவிடுவது முறையன்று. ஒரே குருணை வயலில் நான்கைந்து வேலைகளைச் செய்து வந்தது. அவ்வேலைகள் யாவை, அவற்றுள் எவை இவ்விவசாயியின் வயலுக்கு உண்மையில் வேண்டுவன என்று முதலிற் பிரித்துக் காணல் வேண்டும். அதன் பின்னரே மாற்று எதுவென்பது விளங்கும்.

மத்திய அரசாங்கம் 2018 ஆகஸ்டு 8-ஆம் நாள் பிறப்பித்த ஆணை 18 பயிர்ப் பாதுகாப்பு மருந்துகளை விலக்கியது. அவற்றுள் 12 உடனே விலக்கப்பட்டன. போரேட் உள்ளிட்ட எஞ்சிய 6 மருந்துகள் 2020 டிசம்பர் 31 முதல் விலக்கப்பட்டன. அந்நாளுக்குப் பின் போரேட்டை ஆக்குவதும், விற்பதும், வயலில் இடுவதும் குற்றமாகும்.

குருணையின் இயல்பு

போரேட், பாஸ்பரஸ் சேர்ந்த கரிமப் பூச்சிகொல்லிகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. 1950-களில் அமெரிக்காவில் புழக்கத்திற்கு வந்தது. திமெட் என்னும் வாணிபப் பெயராலேயே நம் நாட்டு விவசாயிகளுட் பலர் இதனை அறிவர். மண்ணில் இட்ட குருணை ஈரத்தில் கசிந்து, வேர் வழியே உறிஞ்சப்பட்டு, சாற்றோடு இலைக்கு ஏறும். செடியின் சாற்றை உறிஞ்சும் பூச்சி நஞ்சினையும் சேர்த்து உறிஞ்சி மடியும். மண்ணிலும் செடியிலும் போரேட் ஆக்சிஜனோடு கூடி வேறு இரு பொருள்களாக மாறுகிறது. இவையும் கொடிய நஞ்சுகளே. மூலப்பொருளை விட நீடித்து நிற்பனவும், நீரில் எளிதிற் கரைந்து கீழிறங்குவனவும் இவைதாம். சில வாரங்கள் வரை பயிரைக் காக்கும் ஆற்றல் குருணைக்கு வாய்த்ததும், நிலத்தடி நீருக்கு அதனால் அச்சம் நேர்ந்ததும் இவ்வொரே காரணத்தால்தான்.

அதன் நச்சுத்தன்மையை ஒரு சிறு கணக்கால் மாணவர்க்கு விளக்கலாம். கடையில் விற்ற குருணை நூற்றுக்குப் பத்துப் பங்கு நஞ்சு கொண்டது. ஆகவே ஒரு கிராம் குருணையில் 100 மில்லிகிராம் நஞ்சு உண்டு. சோதனைச் சாலை எலிகளில், உடல் எடை ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 2 மில்லிகிராம் உட்சென்றாலே பாதி எலிகள் மடிகின்றன. உலகச் சுகாதார ஸ்தாபனம் பூச்சிகொல்லிகளை அவற்றின் கொடுமைக்கேற்ப வகுத்த பட்டியலில் போரேட் முதல் வகுப்பின் முதற் பிரிவில், அதாவது 'மிகமிகக் கொடியவை' என்னும் பிரிவில் வைக்கப்பட்டுள்ளது. இத்தகைய பொருளை வெறுங்கையால் அள்ளி, முறத்திலோ பழைய டப்பாவிலோ ஏந்தி, பெண்களும் சிறுவர்களும் சால் சாலாகத் தூவி வந்தனர் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தோல் வழியாகவும் இது உடலுட் புகும். மண்ணின் மேல் சிந்திய குருணையைத் தானியமென்று கொத்திய பறவைகளும் மாண்டன.

அசுவினியும் இருவகை வைரசும்

போரேட்டை உருளைக்கிழங்கில் இட்டதன் தலையாய நோக்கம் அசுவினியை அடக்குவதே. அசுவினி என்பது இலையின் அடிப்புறத்திற் கூட்டமாக ஒட்டி வாழும் மிகச் சிறிய, மென்மையான பூச்சி. உருளைக்கிழங்கிற்குப் பெருந்தீங்கு செய்வது மைஸஸ் பெர்சிகே என்னும் பச்சை அசுவினியாகும். இது சாற்றை உறிஞ்சுவதால் விளைச்சல் குறைவது நம் சமவெளிகளில் அரிது. வைரஸ் நோயை ஒரு செடியிலிருந்து மற்றொரு செடிக்குக் கொண்டு செல்வதே இதன் உண்மையான தீங்கு. வைரஸ் புகுந்த செடியின் கிழங்குகளிலும் வைரஸ் தங்கும். அக்கிழங்கை அடுத்த ஆண்டு விதையாக நட்டால் முளைக்கும் செடி தொடக்கத்திலேயே நோயுடையதாகும். இவ்வாறு ஆண்டுக்காண்டு விதை நலிவதையே 'விதை கெடுதல்' என்கிறோம்.

இவ்விடத்திற் களப்பணியாளர் தெளிவாக உணர வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அசுவினி பரப்பும் வைரஸ்கள் யாவும் ஒரே விதமாகப் பரவுவதில்லை. இலைச்சுருள் வைரஸ் செடியின் உட்குழாய்களில் மட்டுமே இருப்பது. அசுவினி தன் ஊசி வாயை அவ்வளவு ஆழத்திற்கு இறக்கிச் சாற்றை உறிஞ்சுவதற்கு நெடுநேரம் ஆகும். உறிஞ்சிய வைரஸ் அதன் குடலைக் கடந்து, உடல் நீரிற் கலந்து, உமிழ்நீர்ச் சுரப்பியை அடைவதற்கு மேலும் ஒரு நாளளவு செல்லும். அதன் பின்னரே அப்பூச்சி நோயைப் பரப்ப வல்லதாகிறது; பின்னர் உயிருள்ளவரை பரப்புகிறது. இத்துணை நேரம் செல்வதால், நஞ்சேறிய செடியில் அமர்ந்த பூச்சி வைரசைச் சுமந்து செல்லுமுன்பே மடிந்துவிடுகிறது. போரேட் இலைச்சுருள் நோயைக் குறைத்தது இவ்வாறுதான்.

'ஒய்' வைரஸ் எனப்படும் தேமல் வைரசின் செய்தி வேறு. இறக்கை கொண்ட அசுவினி ஒரு செடியில் இறங்கியதும், அது தனக்கேற்ற உணவுதானா என்று அறிய மேல்தோலில் ஊசியை ஒரு கணம் குத்திப் பார்க்கும். அச்சில நொடிகளுக்குள் வைரஸ் ஊசி நுனியில் ஒட்டிக்கொள்ளும். அடுத்த செடியிற் குத்தும் சில நொடிகளுக்குள் இறங்கியும் விடும். மைக்கூட்டில் தோய்த்த பேனா முள்ளைத் தாளில் வைத்த மாத்திரத்தில் மை இறங்குவதைப் போன்றது இது. எந்தப் பூச்சிகொல்லியும் இவ்வளவு விரைவிற் கொல்லாது. நஞ்சின் உறுத்தலால் அமைதியிழந்த பூச்சி மேலும் பல செடிகளுக்குப் பறந்து நோயைக் கூடுதலாகப் பரப்பவும் கூடும். ஆகவே தேமல் நோயைப் பொறுத்தவரை போரேட் இருந்த காலத்திலும் அது காவலாக இருந்ததில்லை. குருணை போனதால் தேமல் மிகுந்தது என்று முறையிடுவோர்க்கு இதனை எடுத்துச் சொல்லல் தகும்.

இதிலிருந்து இன்னொன்றும் பெறப்படும். நடப்பு ஆண்டிற் புகுந்த வைரஸ் பெரும்பாலும் அடுத்த ஆண்டின் பயிரையே பாதிப்பது. ஆகையால், விளைந்த கிழங்கு முழுவதையும் உணவுக்காக விற்றுவிடும் விவசாயி அசுவினிக்கென்று மருந்து செலவழிப்பதில் பெரும்பாலும் பொருளில்லை. அண்டை வீட்டார் போடுகிறார் என்பதற்காகவே ஆண்டுதோறும் குருணை வாங்கி இட்டு வந்தவர் பலர். அவர்களுக்கு நாம் சொல்ல வேண்டிய மாற்று, நம்பிக்கையான இடத்திலிருந்து நல்ல விதைக்கிழங்கு வாங்குவதும், சொந்த விதையை மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்வதுமே. குருணைக்குச் செலவான பணத்தை விதைக்குச் செலவிடுவது மேல். விதைக்கிழங்கு விளைவிப்போர் நிலையோ வேறு. பஞ்சாபில் ஜலந்தர்ப் பகுதியில் விளையும் விதைக்கிழங்கு மேற்கு வங்காளத்திற்கும், கருநாடகத்தின் ஹாசனுக்கும் செல்கிறது. ஜலந்தரில் ஒரு வயலில் நேர்ந்த கவனக்குறைவு ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் ஓர் ஏழை விவசாயியின் வயலில் சுருண்ட இலையாக வெளிப்படும். அசுவினியைப் பற்றி இனிக் கூறுவன யாவும் முதன்மையாக விதை விளைவிப்போரை நோக்கியவை.

பருவமே முதற் காவல்

ஒரு காலத்தில் நம் நாட்டுச் சமவெளிகளில் நல்ல விதைக்கிழங்கு விளைவிக்க இயலாது என்றே கருதப்பட்டது. குளிர்ந்த மலைப்பகுதிகளிலிருந்து விதை வந்தது. ஆனால் மலையில் செப்டம்பர், அக்டோபரில் தோண்டிய கிழங்கு உறக்க நிலையில் இருக்குமாதலால், அவ்வக்டோபரிலேயே சமவெளியில் நட்டால் நன்கு முளைப்பதில்லை. இந்நிலையை மாற்றியது, மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் வகுத்த 'விதைப்பாத்தி முறை' ஆகும். 1949-இல் பாட்னாவில் தோன்றி 1956-இல் சிம்லாவுக்கு மாறிய அந்நிலையத்தின் இயக்குநராயிருந்த புஷ்கர்நாத் என்னும் விஞ்ஞானி இம்முறையின் முன்னோடி. வட இந்தியச் சமவெளிகளில் அக்டோபர் தொடங்கி டிசம்பர் இறுதி வரை அசுவினி அறவே இல்லாமலோ, மிகக் குறைவாகவோ இருக்கிறது. ஜனவரியில் பெருகத் தொடங்குகிறது. இவ்விடைவெளிக்குள் பயிரை முடித்துவிட்டால் வைரஸ் பரவ வாய்ப்பே குறைவு. இதுவே முறையின் உட்கருத்து.

குருணை மருந்துகள் இம்முறையில் பின்னர் வந்து சேர்ந்த துணைகளே. முறையின் அடிப்படை அவற்றின் மேல் எழுந்ததன்று. குருணை கையில் இருந்த காலத்தில் பலர் நாட்கணக்கைத் தளர்த்தினர். தழையறுப்பை ஒரு வாரம் தள்ளினால் கிழங்கு பருக்கும், எடை கூடும் என்னும் ஆசையே காரணம். இனி அத்தளர்ச்சிக்கு இடமில்லை.

முறையின் படிகள் வருமாறு: நோயற்றதென்று சான்று பெற்ற கிழங்கை அக்டோபர் நடுப்பகுதியையொட்டி நடுதல் வேண்டும். கிழங்குகள் குளிர்சாதனக் கிடங்கிலிருந்து முன்னதாகவே எடுக்கப்பட்டு, நிழலிற் பரப்பி, தடித்த குறுமுளை விட்டவையாயிருக்க வேண்டும். அப்போதுதான் பயிர் ஒருசேர முளைத்துக் குறித்த காலத்திற்குள் கிழங்கு வைக்கும். பயிர் வளரும்போது குறைந்தது மூன்று முறை வயலைச் சுற்றி வந்து, இலை சுருண்டவை, தேமல் கண்டவை, குட்டையானவை, இனம் மாறியவை ஆகிய செடிகளைக் கிழங்கோடு தோண்டி அகற்றுதல் வேண்டும். செடியைப் பிடுங்கிக் கிழங்கை மண்ணில் விட்டுவிட்டால் அது மீண்டும் முளைக்கும். பிடுங்கியதை வரப்பின் மேல் எறிந்துவிடுவதும் கூடாது. அதிலுள்ள அசுவினிகள் வாடும் செடியை விட்டு அடுத்த செடிக்கு ஏறும். சாக்கில் இட்டு வெளியே கொண்டுசென்று புதைத்தல் வேண்டும். முதற் சுற்றைக் காலந்தாழ்த்தாது, இலைகள் ஒன்றையொன்று மூடுமுன் செய்தலே பயன் தரும்.

பின்னர் தழையறுப்பு. பஞ்சாப், ஹரியானா, மேற்கு உத்தரப் பிரதேசம் ஆகிய பகுதிகளில் டிசம்பர் இறுதியிலிருந்து ஜனவரி முதற் பத்து நாட்களுக்குள்ளும், கிழக்கே பீகார்ப் பக்கம் சற்றுப் பிந்தியும் இது நிகழும். அதற்கு ஒரு வாரமுன்பே பாசனத்தை நிறுத்திவிட வேண்டும். தழையை நிலமட்டத்தில் அறுத்த பின் சிலர் வயலை மறந்துவிடுகின்றனர். அறுத்த தண்டிலிருந்து எழும் இளந்துளிரே அசுவினிக்கு மிக உவப்பானது. அதில் ஏறிய வைரஸ் கிழங்கிற்கு விரைந்து இறங்கும். ஆகவே துளிர் கண்டவுடன் மீண்டும் அகற்றுக. இரண்டு வாரங்கள் அளவில் தோல் முற்றியபின் கிழங்கைத் தோண்டலாம்.

எண்ணிப் பார்த்தல்

தழையறுப்புக்கு நாட்காட்டி ஒரு வழிகாட்டி மட்டுமே. மார்கழிக் குளிர் குறைந்த ஆண்டில் அசுவினி முன்னதாகவே வந்துவிடும். எனவே ஆராய்ச்சி நிலையத்தார் ஓர் எல்லை வகுத்துள்ளனர். நூறு கூட்டிலைகளில் 20 அசுவினிகள் காணப்படுவதே அவ்வெல்லை. அதனைத் தாண்டுமுன் தழை அறுபட்டிருத்தல் வேண்டும்.

எண்ணுவது கடினமன்று. வயலின் ஒரு மூலையில் தொடங்கி எதிர்மூலை நோக்கிக் குறுக்காக நடந்து, இடையிடையே 33 செடிகளைத் தெரிந்துகொள்க. ஒவ்வொரு செடியிலும் மேல், நடு, கீழ் என மூன்று கூட்டிலைகள். அவற்றோடு இன்னும் ஓர் இலை சேர்ந்தால் நூறு. இலையைப் பறிக்காமல் மெல்லத் திருப்பி அடிப்புறத்தை நோக்குதல் வேண்டும். கீழிலையை விட்டுவிட்டு எண்ணுவோர் ஏமாந்து போவர். பச்சை அசுவினி முதிர்ந்த கீழிலைகளையே பெரிதும் நாடும். வாரத்திற்கு ஒரு முறையும், டிசம்பர் நடுப்பகுதிக்குப் பின் வாரம் இருமுறையும் எண்ணிக் குறித்து வருக. இத்துடன் மஞ்சள் வண்ணம் தீட்டிய தகட்டில் பிசின் தடவியோ, மஞ்சள் தட்டில் நீர் நிரப்பியோ வயலோரம் வைத்தால் இறக்கையுள்ள அசுவினிகளின் வருகையை முன்கூட்டி அறியலாம். கிராமப் பள்ளி ஆசிரியர்கள் இவ்வேலையை மாணவர்களைக் கொண்டு செய்விக்கலாம். வாரந்தோறும் வரும் எண்ணிக்கையைக் கட்டமிட்ட தாளில் குறித்தால் கோடு எங்கே மேல்நோக்கி வளைகிறதென்பது கண்ணுக்குத் தெரியும். ஆனால் மருந்து தெளித்த வயலுக்கு, அம்மருந்தின் சீட்டில் குறித்த கால இடைவெளி கழியுமுன் மாணவரை அழைத்துச் செல்லலாகாது.

மருந்து வேண்டுமிடத்து

எல்லாம் செய்தும் விதை வயலில் அசுவினி முன்னதாகவே தோன்றுமாயின் மருந்து தேவைப்படும். போரேட்டின் இடத்தை இன்று பெருமளவு பிடித்துள்ளவை இமிடாகுளோபிரிட், தயாமீதாக்சாம் முதலிய மருந்துகள். இவையும் செடியினுட் பரவுவனவே. ஆனால் மனிதர்க்கு உடனடியாக விளைக்கும் ஆபத்து போரேட்டினதை விட மிகக் குறைவு. வேண்டிய அளவும் சிறிது. அளவின் வேறுபாட்டை நோக்குக. போரேட்டில் ஹெக்டேருக்கு ஒரு கிலோ அளவு நஞ்சு மண்ணிற் சேர்ந்தது. நூற்றுக்கு 25 பங்கு வலிமையுள்ள தயாமீதாக்சாம் குருணைத்தூளை நீரிற் கரைத்து இலைமேல் தெளிப்பதாயின் ஹெக்டேருக்கு 100 கிராம், அதாவது 25 கிராம் நஞ்சு போதுமானது. இமிடாகுளோபிரிட் கரைசலில் விதைக்கிழங்கைச் சிறிது நேரம் நனைத்து, நிழலில் உலர்த்தி நடுவதும் வழக்கத்தில் உள்ளது. இளம்பயிரை முதற் சில வாரங்கள் காப்பதற்கு இது உதவும். நனைத்த கிழங்கில் எஞ்சியதைச் சமையலுக்கோ மாட்டுக்கோ கொடுத்துவிடாதபடி எச்சரித்தல் வேண்டும்.

எனினும் இம்மருந்துகளைப் போரேட்டின் சிம்மாசனத்தில் ஏற்றி வைப்பது அறிவுடைமையாகாது. இரு காரணங்கள் உண்டு. முதலாவது, இவை தேனீக்களுக்குக் கொடியவை. ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் இவ்விரண்டையும், இவற்றின் இனமான குளோதியானிடினையும் திறந்த வெளிப் பயிர்களில் இடுவதை விலக்கிவிட்டது. நம் வட இந்திய வயல்களில் உருளைக்கிழங்கிற்கு அடுத்த பாத்தியிலேயே டிசம்பர், ஜனவரியில் கடுகு பூத்துக் குலுங்குகிறது. தேனீக்கள் திரள்வதும் அங்கேதான். ஆகவே கடுகு பூத்தபின் காலை வேளையில் தெளிப்பதையும், காற்றடிக்கும்போது தெளிப்பதையும் தவிர்த்தல் கட்டாயம். இரண்டாவது, பச்சை அசுவினி பல மருந்துக் குடும்பங்களுக்கு எதிர்ப்பாற்றல் வளர்த்துக்கொண்டதற்கு உலகெங்கும் பேர்போன பூச்சி. ஒரே குடும்பத்து மருந்தை நடவில் ஒரு முறை, முளைப்பில் ஒரு முறை, மண் அணைப்பில் ஒரு முறை என்று இடுவது அவ்வாற்றலை நாமே வளர்த்துவிடுவதாகும். விதைக்கிழங்கை நனைத்தவர் அடுத்துத் தெளிக்கும் மருந்தை வேறு குடும்பத்திலிருந்து தெரிந்தெடுக்க வேண்டும். எந்த மருந்தாயினும், உருளைக்கிழங்கிற்கென்று பதிவு பெற்றதா என்பதைச் சீட்டிலும், அவ்வாண்டுப் பதிவுப் பட்டியலிலும் பார்த்த பின்னரே பரிந்துரை செய்க.

கடைக்காரர் சிலர் "குருணைக்குக் குருணைதான் மாற்று" என்று கூறி நெல்லுக்குரிய குருணைகளை உருளைக்கிழங்கு விவசாயியின் தலையில் கட்டுவதுண்டு. நெற்பயிரின் தண்டுத் துளைப்பானுக்கு என வந்தது உருளைக்கிழங்கின் அசுவினியை அடக்கும் என்பதற்கு ஆதாரம் ஏதுமில்லை. கார்போபியூரானைப் பற்றிக் கேட்போரும் உண்டு. அதுவும் உலகச் சுகாதார ஸ்தாபனப் பட்டியலின் முதல் வகுப்பில், போரேட்டுக்கு அடுத்த பிரிவில் நிற்பதே. 2023-ஆம் ஆண்டு ஆணையால் அதற்கும் கட்டுப்பாடு வந்துள்ளது. ஒரு பாம்பை விட்டு இன்னொரு பாம்பைப் பிடிப்பதில் என்ன பயன்?

மருந்துக்கு அடங்காத தேமல் வைரஸ்

தேமல் வைரசுக்கு மாற்று வழிகள் பூச்சியைக் கொல்லும் வழிகள் அல்ல. பூச்சி குத்தும் செயலைத் தடுமாறச் செய்யும் வழிகளாகும். தோட்டப் பயிர்களுக்கென்று தூய்மை செய்த கனிம எண்ணெயை நீரில் நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பங்கு கலந்து தெளித்தால், இலையின் மேற்படியும் மெல்லிய படலம் ஊசி நுனியில் வைரஸ் ஒட்டுவதையும் இறங்குவதையும் தடைசெய்கிறது. புதிய இலைக்கு இப்படலம் இராதாகையால், பயிர் விரைந்து வளரும் காலத்தில் வாரந்தோறும் தெளித்தல் வேண்டியதாகும். நண்பகல் வெயிலில் தெளித்தால் இலை கருகும். செலவு சற்று மிகுதி; எனவே மூல விதை பெருக்கும் வயல்களுக்கே இது ஏற்றது.

இதனினும் எளியது வரப்போரப் பயிர். விதை வயலைச் சுற்றிக் கோதுமை போன்ற தானியத்தைச் சில வரிசைகள் விதைத்துவிட்டால், பறந்துவரும் அசுவினி பெரும்பாலும் வயலின் ஓரத்திலேயே முதலில் இறங்கி அதனைக் குத்திப் பார்க்கும். அங்கே உருளைக்கிழங்கின் வைரசுக்கு இடமில்லை. ஒன்றிரண்டு முறை குத்தியதும் ஊசி துடைத்ததுபோல் ஆகிவிடும். வைக்கோல் மூடாக்கும் பயன் தருவதே. நட்ட பாத்திமேல் பரப்பிய வெளிறிய வைக்கோல், கரிய மண்ணில் பச்சை வரிசையைத் தேடி இறங்கும் அசுவினியின் கண்ணை மயக்குகிறது. தேமல் குறைவதை ஐரோப்பிய நாட்டு வயற்சோதனைகள் காட்டியுள்ளன. நெல் வைக்கோலை வயலிலேயே கொளுத்தும் பஞ்சாபிலும் ஹரியானாவிலும் இதற்கு மூலப்பொருட் பஞ்சம் இராது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அசுவினியைத் தடுக்க நாளை முன்தள்ளும்போது வேறொரு பகை நேர்வதையும் கருத வேண்டும். செப்டம்பர் இறுதியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் வெப்பம் மிகுந்திருக்கையில் வெள்ளை ஈ மிகுதி. அது பரப்பும் நுனியிலைச் சுருள் வைரஸ் சென்ற நூற்றாண்டின் இறுதி முதல் வட இந்தியாவில் கேடு விளைத்து வருகிறது. ஆகவே மிக முந்தி நடுவோர் அசுவினிக்குத் தப்பி வெள்ளை ஈயிடம் அகப்படுவர். குப்ரி பஹார் என்னும் இரகம் இந்நோயைப் பெரிதும் தாங்கி நிற்கிறது. பிற இரகங்களை விதைக்காக நடுவோர் அக்டோபர் நடுப்பகுதிக்கு முன் செல்லாதிருத்தல் நலம்.

மண்ணுள் வாழும் பூச்சிகள்

மலைப்பகுதி விவசாயிகள் போரேட்டை இழந்து வருந்துவது அசுவினிக்காக அன்று, வேர்ப்புழுவுக்காகவே. இமாசலப் பிரதேச மலைகளில் பிராமினா கோரியேசியா என்னும் வண்டின் புழு கிழங்கை ஆழமாகக் குடைந்து விற்பனைக்கு ஒவ்வாததாக்கிவிடுகிறது. இங்கே விதை, உணவு என்னும் வேறுபாடு இல்லை. இழப்பு அவ்வாண்டே நேர்வது.

இப்பூச்சியின் வாழ்க்கையில் மண்ணைவிட்டு வெளிவரும் காலம் ஒன்றே நமக்கு வாய்ப்பு. முதல் மழை பெய்ததும் மாலை மங்கும் நேரத்தில் வண்டுகள் கூட்டமாக எழுந்து, அருகிலுள்ள ஆப்பிள், பிளம் முதலிய மரங்களின் இலையைத் தின்னவும் இணை சேரவும் கூடும். அப்போது மரத்தை உலுக்கி, கீழே விரித்த துணியில் விழுபவற்றைத் திரட்டி, மண்ணெண்ணெய் கலந்த நீரில் இட்டுக் கொல்லலாம். விளக்குப் பொறியும் உதவும். ஒரு விவசாயி மட்டும் செய்தால் பயன் சிறிது. ஊரே சேர்ந்து நாலைந்து மாலைகள் செய்யின் அவ்வாண்டு முட்டையிடும் வண்டுகள் பெரிதும் குறையும். ஊரைக் கூட்டுவது களப்பணியாளரின் வேலை. மருந்துச் சீட்டு எழுதுவதை விட இது கடினம் என்பது உண்மையே. இத்துடன், மக்காத சாணத்தை வயலில் இடாதிருத்தல், அறுவடைக்குப் பின் ஆழ உழுது புழுக்களைப் பறவைகளுக்குக் காட்டுதல், முற்றிய கிழங்கை மண்ணில் விட்டுவைக்காது தோண்டுதல் ஆகியவை வேண்டும். மெட்டாரைசியம் என்னும் பூஞ்சையை நன்கு மக்கிய எருவிற் பெருக்கி இடுவதும் உண்டு. ஈரமுள்ள மண்ணிலும் இளம் புழுவிடத்துமே அது வலிமை காட்டும். வறண்ட மண்ணில் இட்டுப் பழித்தல் தகாது. குளோர்பைரிபாஸைப் பலர் மாற்றாகக் கருதுகின்றனர். 2025-இல் அது நீடித்து நிற்கும் நச்சுகளைப் பற்றிய ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் ஒழிப்புப் பட்டியலில், சில விலக்குகளுடன் சேர்க்கப்பட்டது. ஆகலின் அதன் மேல் நீண்டகாலத் திட்டம் எதையும் கட்டுதல் பொருந்தாது.

வெட்டுப்புழு சமவெளியிலும் உண்டு. பகலில் மண்கட்டிகளின் கீழ் ஒளிந்திருந்து இரவில் இளந்தண்டை வெட்டும். வெட்டுண்ட செடியின் அடியைக் கிளறினால் குற்றவாளி அங்கேயே அகப்படும். பாசனம் விட்ட நாளில் புழுக்கள் மேலேறுவதால் மைனாவும் காக்கையும் நம் வேலையைப் பாதி முடித்துவிடும்.

நீலகிரியிலிருந்து எழும் கேள்விக்கு ஒரு சொல். அங்கே ஆண்டில் மூன்று போகம் பயிராவதால், வட சமவெளியின் நாட்கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கு 1961-இல் கண்டறியப்பட்ட முட்டைக்கூட்டு நூற்புழு வேறு பகை. அதற்கு வழி பயிர்ச் சுழற்சியும், குப்ரி சுவர்ணா போன்ற எதிர்ப்பு இரகங்களுமே.

எஞ்சிய மூட்டைகள்

விலக்கு நடைமுறைக்கு வந்து ஆண்டுகள் சென்றும் சில வீடுகளின் மூலையில் பழைய குருணைப் பொட்டலங்கள் இருக்கக் காணலாம். "வாங்கியதை வீணாக்குவானேன்" என்று இடுவோரைத் தடுத்தல் வேண்டும். அதைக் கிணற்றிலோ ஓடையிலோ கொட்டுவதும், வயலிற் புதைப்பதும், எரிப்பதும் ஆகா. எரித்தால் எழும் புகையும் நஞ்சே. பொட்டலத்தைப் பிரிக்காமல், தடித்த பையிலிட்டு, தானியமும் தீவனமும் இல்லாத இடத்தில் பூட்டி வைத்து, வட்டார வேளாண் அதிகாரிக்குத் தெரிவிக்கச் சொல்லுக.

இக்குருணையைக் கையாண்ட ஒருவர்க்கு மிகுந்த வியர்வை, வாயில் நீர் ஊறுதல், வாந்தி, கண்மணி ஊசிமுனைபோல் சுருங்குதல், தசைத் துடிப்பு, மூச்சுத் திணறல் ஆகியவை காணுமாயின் கணமும் தாழ்த்தலாகாது. உடுப்பை அகற்றி, உடலைச் சோப்பிட்டு ஏராளமான நீரால் கழுவி, அட்ரோபின் ஊசி கிடைக்கும் மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. கழுவுபவர் கையுறை அணிதல் அவசியம்; கையுறை இல்லையேல் பாலிதீன் பைகளையேனும் கையில் சுற்றிக்கொள்க. வலிந்து வாந்தியெடுக்கச் செய்வதோ, எண்ணெயோ பாலோ புகட்டுவதோ கூடாது. மருந்துப் பொட்டலத்தின் சீட்டையும் மறவாது உடன் எடுத்துச் செல்க. எந்த நஞ்சென்று மருத்துவர் அறிவதற்கு அதனினும் விரைவான வழி இல்லை.